பன்னிரண்டாவது பௌர்ணமி

தம்பிக்குக் குழந்தை பிறந்தால் 12 பௌர்ணமிகள் கிரிவலம் வருவதாக அம்மா அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தார். 11 முடிந்த நிலையில் முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டதால், மீதமிருந்த ஒன்றை அவருக்காக நடந்து முடிக்க நான் திருவண்ணாமலைக்குப் போனேன்.

சன்னிதியை அடைய நான்கு மணி நேரம் ஆயிற்று. இடையில் ஒருவர் வந்து, பணம் கொடுத்தால் நேரே உள்ளே அழைத்துச் செல்வதாகக் காதோடு சொல்லிவிட்டுப் போனார். பௌர்ணமியன்று பக்தியைவிட அவசரத்துக்குத்தான் விலை அதிகம் போலும். சுவாமியின் முன் கைகூப்பிய கணத்திலேயே பின்னால் இருந்த கூட்டம் என்னை நகர்த்திவிட்டது. உண்ணாமுலையம்மன் சன்னிதியில்தான் குழந்தையின் பெயரையாவது சொல்ல வாய்த்தது.

மனக்குறையோடுதான் நடக்கத் தொடங்கினேன். அக்னி லிங்கத்தைத் தாண்டி ரமணாசிரம வாசலைக் கடக்கும்போது ரமணரைப் பற்றிய நினைவு வந்தது. அருணாசலம் என்ற பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் உள்ளம் சிலிர்த்து, 1896 செப்டம்பர் 1 அன்று 16 வயதில் இங்கு வந்தவர், 1950 ஏப்ரலில் சமாதியடையும் வரை திருவண்ணாமலையை விட்டு நீங்கவே இல்லை. 1922-இல் தாயார் மறைந்ததும் மலையிலிருந்து இறங்கி, தாயின் சமாதியின் அருகிலேயே தங்கிவிட்டார். லட்சுமி என்ற பசுவுக்கும் ஆசிரமத்துக்குள் சமாதி உண்டு. எல்லாம் துறந்தவர் என்று நாம் சொல்கிறவருக்கே ஒரு மலையும், ஒரு தாயும், ஒரு பசுவும் இருந்திருக்கின்றன.

நிருதி லிங்கம் கடந்தபின் அம்மா கைப்பேசியில் அழைத்தார். தரிசனம் ஆயிற்றா, கால் வலிக்கிறதா என்று எதுவும் கேட்காமல், “மலை எப்படி இருக்குடி?” என்றார். சொந்தக்காரரை நலம் விசாரிக்கும் குரல் அது. சாலையில் கல்லையும் முன்னால் போகிறவர்களின் குதிகாலையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த நான் அப்போதுதான் நிமிர்ந்தேன். நிலவொளியில் மலை கருத்து நின்றது. உச்சியில் மேகம் தங்கியிருப்பதைச் சொன்னேன். “அஞ்சாவது பௌர்ணமிக்கும் அப்படித்தான் நின்னுச்சு,” என்றார்.

முழங்கால் மடங்காமல் போன அன்று அவர் அழுததை, வேண்டுதல் தடைபட்டதே என்ற பயம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். பேரக்குழந்தைக்காக நடந்தவர் எந்த மாதத்திலிருந்து மலைக்காகவே நடக்கத் தொடங்கினார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. அதன்பின் ஈசான்ய லிங்கம் வரை நான் தரையைப் பார்த்து நடக்கவில்லை. இரண்டு முறை காலில் கல் இடறியது. சன்னிதியில் வராத கண்ணீர் வழியெல்லாம் வந்தது. அப்பனே, அம்மாவின் கடனை அடைக்க என்னை வரவழைத்தாயே, அந்தக் கருணைக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

வேண்டுதல் முடிந்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்குப் பேருந்தில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.