பத்து வயதுக்காரிக்கு ஒரு சமையல் புத்தகம்

"அம்மா, பருப்பு இன்னும் நறுக்கு நறுக்குன்னு இருக்கு. புத்தகத்தில 15 நிமிஷம்னுதானே போட்டிருக்கு?"

மூத்தவள் அகப்பையில் கொஞ்சம் பருப்பை அள்ளி என் முன்னால் நீட்டினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, 15 நிமிடம் முடிந்த கையோடு அடுப்பை அணைத்திருக்கிறாள். நான் வாயில் போட்டுப் பார்த்தேன். மேலே வெந்து, நடுவில் வேகாமல் இருந்தது. அவள் முகம் வாடிப் போயிற்று. தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அவள் ஒரு பிழையும் விடவில்லை. அந்தப் பக்கத்தில் இருந்ததை வரிக்கு வரி அப்படியே செய்திருந்தாள்.

எழுதியவர் கீழ்நாட்டில் சமைத்துப் பார்த்து எழுதியிருப்பார். நாங்கள் இருப்பது ஹட்டனில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1270 மீட்டர் உயரத்தில். மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலையும் கூடவே குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 பாகை என்று வைத்துக்கொள்ளலாம். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் எங்கள் வீட்டில் 96 பாகையிலேயே கொதித்துவிடும். 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 94. சட்டி தளதளவென்று கொதிக்கத்தான் செய்யும், ஆனால் உள்ளே இருக்கிற சூடு அவ்வளவுதான். தீயைக் கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. அதனால் பருப்பு இங்கே கூடுதல் நேரம் கேட்கும். எங்கள் அம்மாமார் இந்தக் கணக்கெல்லாம் படிக்கவில்லை. இரண்டு விரலுக்கிடையில் வைத்து நசுக்கிப் பார்த்து இறக்கினார்கள்.

அந்த ஒரு வரி புத்தகத்தில் இருந்திருந்தால் பிள்ளையின் முகம் வாடியிருக்காது.

மகள் சமைக்கப் பழக வேண்டும் என்று கேட்டது போன வருடம் டிசம்பர் விடுமுறையில். நானே சொல்லிக்கொடுக்கலாம்தான். ஆனால் அவளுக்குப் புத்தகம் வேண்டும். தானே வாசித்து, தானே செய்து, முடிந்த பிறகு எங்களைக் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. அது நல்ல ஆசை என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து இதுவரை நாலு புத்தகம் வீட்டுக்கு வந்துவிட்டது. பெயர்களை எழுதப் போவதில்லை. உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பது வேறாக இருக்கும். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பருப்புப் புத்தகம் முதலாவது. இரண்டாவது தமிழ்நாட்டில் அச்சானது. அழகான தமிழ், பெரிய எழுத்து, பிள்ளைகளுக்கென்றே எழுதியது. ஆனால் சமையலறைத் தமிழ் கடலைத் தாண்டும்போது பொருள் மாறிவிடுகிறது. சப்பாத்திக்குக் 'கோதுமை மாவு' என்று இருந்தது. மகள் நம் வீட்டுக் கோதுமை மாவை எடுத்துப் பிசைந்தாள். நாம் கோதுமை மா என்று சொல்லும் வெள்ளை மாவை அங்கே மைதா என்பார்கள். அவர்கள் கோதுமை மாவு என்று சொன்னால் அது நம் ஆட்டா மா. வந்தது சப்பாத்தி இல்லை, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் ஒன்று. அடுத்த வாரம் பாயசத்துக்குச் 'சர்க்கரை' என்று போட்டிருந்ததால் கடையில் போய்ச் சர்க்கரை கேட்டு, மண்ணிறக் கட்டியோடு வந்து நின்றாள். அவர்களுக்கு அது சீனி. கோஸ் என்றால் கோவா, பீன்ஸ் என்றால் போஞ்சி, தனியா என்றால் கொத்தமல்லி. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு முட்டுச்சுவர்.

அப்புறம் அந்த விசில். எதை எடுத்தாலும் 3 விசில், 4 விசில். எங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இல்லை. இருந்தாலும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் அதைப் பிள்ளை கையில் கொடுக்கமாட்டேன்.

மூன்றாவது ஆங்கிலப் புத்தகம். தடித்த அட்டை, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், விலை 2900 ரூபாய். 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாயாக்கினார்கள். கொழுந்து பறித்து என்னை வளர்த்தவள் என் அம்மா. எந்த விலையைப் பார்த்தாலும் எத்தனை நாள் மலை ஏற வேண்டும் என்றுதான் என் மனது கணக்குப் போடும். அந்தச் சம்பளக் கணக்கில் இரண்டு நாளுக்கு மேல். அதற்குரிய பயன் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் ஓவனில் செய்வது, எங்களிடம் ஓவன் இல்லை. 'கப்' என்று போட்டிருப்பது எந்த நாட்டுக் கப் என்றும் தெரியவில்லை. அமெரிக்கக் கப் 240 மில்லிலீற்றர் அளவு, மற்ற சில நாடுகளில் 250. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. எங்கள் வீட்டில் அளப்பதோ சுண்டு என்ற அளவுக் குவளையில். ஒரு நாள் உட்கார்ந்து எங்கள் சுண்டில் அரிசியை அள்ளி நிறுத்துப் பார்த்தோம், ஏறக்குறைய 200 கிராம் வந்தது. அந்தப் புத்தகத்தால் கிடைத்த ஒரே நன்மை, மகள் அன்றைக்கு நிறுக்கப் பழகியது.

நாலாவதுதான் இப்போது அடுப்படி ஆணியில் தொங்குகிறது. செப்டெம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போன என் கணவர் ஒரு மூலைக் கடையில் எடுத்து வந்தார். 48 பக்கம், கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்கள், நம் நாட்டில் எழுதியது. பார்த்தவுடன் எனக்கே பெரிதாகப் பிடிக்கவில்லை. மகள்தான் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

முதல் பக்கத்தில் சமையலே இல்லை. வெங்காயம் வெட்டுவது எப்படி என்று ஆறு படம். முதலில் நடுவே இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வை, அப்போது உருளாது. பிடிக்கிற கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள். கத்தி விரல் முட்டியில் உரசிப் போகட்டும், நகத்துக்கு வராது. இதை நானும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் 'பார்த்து வெட்டு, பார்த்து வெட்டு' என்ற அளவில்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூடியைத் திறக்கும்போது உன் பக்கம் திறக்காதே, எதிர்ப்பக்கம் சாய்த்துத் திற, ஆவி அந்தப் பக்கம் போகட்டும் என்று இன்னொரு படம். தாச்சியின் கைப்பிடி அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஒன்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தை மாதக் குளிரில் சுவெட்டரோடுதான் அடுப்படிக்கு வருவார்கள். அந்த நைலோன் நூலில் தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடாமல் அடுப்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, 'தேவையான அளவு' என்ற சொல் எங்கேயும் இல்லாதது. பழைய புத்தகத்தில் 'உப்பு தேவையான அளவு' என்பதைப் படித்துவிட்டு மகள் என்னிடம் கேட்டாள்: "யாருக்குத் தேவையான அளவு?" பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் 1 தேக்கரண்டி போடு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார், போதாவிட்டால் இன்னும் கால் தேக்கரண்டி என்று இருக்கிறது. 'பொன்னிறமாகும் வரை' என்று விட்டுவிடாமல், வெங்காயத்தின் ஓரம் தேத்தண்ணி நிறத்துக்கு வரும்போது என்கிறது. 'மிதமான தீ' என்றால் குமிழி இங்கொன்று அங்கொன்றாக மெதுவாக வர வேண்டும் என்கிறது. காஸ் அடுப்போ விறகடுப்போ, இரண்டுக்கும் அது பொருந்தும். 2022இல் காஸ் கிடைக்காமல் சிலிண்டரோடு வரிசையில் நின்றதை மறக்க முடியுமா? அப்போது மாதக் கணக்கில் விறகில்தான் சமைத்தோம். டிக்கோயாப் பக்கத்தில் அம்மாவின் லயத்தில் இன்றைக்கும் தேயிலை மிலாறுதான் எரிகிறது. அங்கே தீயைக் குறைப்பது என்றால் இரண்டு குச்சியை வெளியே இழுப்பது. குமிழியைப் பார்க்கத் தெரிந்த பிள்ளை அங்கேயும் சமைக்கும்.

போன மாதம் அங்கே போயிருந்தபோது அதுதான் நடந்தது. மகள் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தாள். ரொட்டிப் பக்கத்தை விரித்து, பறக்காமல் இருக்க உப்புப் போத்தலை மேலே வைத்தாள். தேங்காயை அவளே திருவினாள். தேங்காய் விலை ஏறிக் கிடந்த நேரம், அதனால் என் அம்மா, அவளுக்கு அம்மாயி, சிரட்டையைக் கையில் வாங்கி, ஓரத்தில் விட்ட பூவையும் சுரண்டச் சொன்னார். மாவில் தேங்காய்ப்பூவையும் உப்பையும் போட்டு விரலால் பிசிறி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தாள். புத்தகத்தில், கையில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை பிசை என்று இருக்கிறது. அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். ஒட்டவில்லை, ஆனால் இறுகிக் கிடந்தது. அம்மாயி எட்டிப் பார்த்தார்.

"காது மடலைத் தொட்டுப் பாரு புள்ள."

மகள் மாக் கையோடு காது மடலைப் பிடித்தாள்.

"மா அந்தப் பதத்துக்கு வரணும். இன்னும் ரெண்டு கை தண்ணி தெளி."

தெளித்தாள். மறுபடி மாவைத் தொட்டாள், காதைத் தொட்டாள், மறுபடி மாவைத் தொட்டாள். அவள் முகத்தில் அப்போது தெரிந்ததை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். ரொட்டி வட்டமாக வரவில்லை. கட்டைச் சம்பலோடு ஆளுக்கு இரண்டு தின்றோம். தின்று முடிந்ததும் பென்சில் கேட்டாள். புத்தகத்தில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'காது மடல் – அம்மாயி' என்று எழுதினாள்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தால், எத்தனை சமையல் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, வெந்துவிட்டது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று தேடுங்கள். நிமிடம் மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். கண்ணுக்கோ மூக்குக்கோ விரலுக்கோ ஓர் அடையாளம் இருந்தால் வாங்கலாம். மேசையில் வைத்தால் தானாக மூடிக்கொள்ளாமல் விரிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் எழுத இடம் இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் படங்களைப் பாருங்கள். பல புத்தகங்களில் அம்மாவும் பெண்பிள்ளையும் மட்டும்தான் அடுப்படியில் நிற்கிறார்கள். எங்கள் சின்னவனுக்கு ஏழு வயது. இந்த நாலாவது புத்தகத்தில் ஒரு பையன் முட்டை அவிக்கிற படம் இருக்கிறது. அதைக் கண்டபிறகுதான் அவனும் வந்து பக்கத்தில் நின்றான். இப்போது முட்டை உரிப்பது அவன் வேலை.

பருப்பையும் மகள் மறுபடி செய்துவிட்டாள். இந்தப் புத்தகம் 20 நிமிடம் என்கிறது. நசுக்கிப் பார், நசுங்காவிட்டால் இன்னும் 5 நிமிடம் வை என்றும் சொல்கிறது. அவள் 20ஐ வெட்டி, மேலே 'ஹட்டனில் 25' என்று எழுதியிருக்கிறாள். எழுத்தின் மேல் மஞ்சள் கறை. வருகிற விடுமுறைக்குப் புத்தகத்தை நுவரெலியாவில் இருக்கும் என் தங்கச்சி மகள் கேட்டிருக்கிறாள். அங்கே இன்னும் 600 மீட்டர் உயரம். பென்சிலையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும்.