61ஆம் நம்பர் ஒரேஞ்ச் காரும் எங்கட வேர்க்‌ஷொப் மாஸ்டரும்

மலர்க்குழுத் தம்பி போன் எடுத்து "அண்ணை, கல்லூரி நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ" எண்டு கேட்டவர். கல்லூரி எண்டவுடன எனக்கு முதல் ஞாபகம் வாறது விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால கிடந்த தகரக் கொட்டில் வேர்க்‌ஷொப்பும், அதுக்குள்ள ஒயில் கையோட நிண்ட எங்கட மாஸ்டரும்தான். அவரைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் றிச்சி எவன்ஸ் எண்ட அமெரிக்கக் கார் றேஸ்காரரைப் பற்றியும் எழுதவேணும். ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கண்டதே இல்லை, ஆனா எனக்கு ரெண்டு பேரும் ஒண்டாத்தான் ஞாபகம் வருவினம்.

எங்கட காலத்தில, 70களின்ர முதல் பாதியில, இறக்குமதிக் கட்டுப்பாடு, சாமான் ஒண்டும் வராது. ஊரில ஓடின ஏ40 ஒஸ்ரின், மொறிஸ் மைனர் எல்லாத்துக்கும் பார்ட்ஸ் உள்ளூரிலதான் கடையவேணும். மாஸ்டரும் பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு லேத்தில (கடைசல் மெசினில) புஷ் கடைஞ்சு குடுப்பார், நாங்கள் பக்கத்தில நிண்டு பாப்பம். "சாமான் இல்லையெண்டு சொல்லாதை, ஒருக்கா அளந்து பார்" எண்டுதான் சொல்லுவார். கொழும்பில நல்ல வேலைக்குக் கேட்டும் போகேல்லை எண்டு பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது.

83க்குப் பிறகு நான் நியூயோர்க் மாநிலத்தில சிரக்கியூஸுக்குப் படிக்கப் போனன், பின்னேரத்தில ஒரு கராஜில வேலை. 84 கோடையில ஒரு சனிக்கிழமை கராஜ் முதலாளி "வா, உனக்கு ஒண்டு காட்டிறன்" எண்டு ஒவேகோ ஊரில இருந்த ஷாங்ரி-லா ஓடுபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரை மைல் தார் வட்டம், சுத்திவர பலகை வாங்கு, எங்கட இல்ல விளையாட்டுப் போட்டி மாதிரி ஒரு சத்தம். பாதிச் சனம் ஒரேஞ்ச் சட்டை. ஏனெண்டு கேக்க முன்னமே 61 எண்டு எழுதின எவன்ஸின்ர ஒரேஞ்ச் கார் வந்திட்டுது.

மொடிபைட் எண்டுறது ஸ்ரொக் கார் றேஸிலயே தனி ஒரு வகை. முன் சில்லு ரெண்டும் வெளியால தெரியும், ரயர் சரியான அகலம், மேல பின்ரோ மாதிரிச் சின்னக் காரின்ர உடம்பு, உள்ள பெரிய வி8 எஞ்சின். பாக்க வடிவில்லை, ஆனா அது வளைவுக்குள்ள போற விதத்தைப் பாத்தால் கண்ணை எடுக்கேலாது.

எவன்ஸ் 1941இல வெஸ்ரேர்ன்வில் எண்ட கிராமத்தில பிறந்தவர், தோட்டக்காரக் குடும்பம். 16 வயசில தோட்டத்தை விட்டிட்டு பக்கத்தில இருக்கிற றோம் எண்ட ரவுணில கராஜ் வேலைக்குப் போனவர். (ஓம், நியூயோர்க்கிலயும் ஒரு றோம் இருக்கு.) முதல்ல நேர்கோட்டு றேஸ், பிறகு 1962இல ஒரு 54ஆம் ஆண்டு போர்ட் காரில யூற்றிக்கா-றோம் எண்ட வட்ட ஓடுபாதையில இறங்கினார். மொடிபைட்டுக்கு வந்தது 1965இல. 1973இல நாஸ்காரின்ர (அமெரிக்காவில ஸ்ரொக் கார் றேஸ் நடத்திற அமைப்பு) தேசிய மொடிபைட் சாம்பியன், பிறகு 1978இலயிருந்து 85 வரை விடாம ஒவ்வொரு வருசமும், மொத்தம் ஒம்பது தரம். இடையில 74இலயிருந்து 77 வரை ஆர் எண்டு பாத்தால் ஜெரி குக், அவரும் அதே றோம் ஊர்தான்! 71, 72ம் அவர்தான். சரியா 15 வருசம் சாம்பியன் பட்டம் அந்தச் சின்ன ரவுணை விட்டு வெளியில போகேல்லை. இப்பவும் இதைச் சொல்லேக்க எனக்கு மயிர் கூச்செறியும்.

அப்ப சாம்பியன் பட்டத்துக்குப் புள்ளி சேக்கிறது எண்டால் ஊர் ஊராப் போய் ஓடவேணும். வெள்ளி ஒரு இடம், சனி இன்னொரு இடம், ஞாயிறு வேற மாநிலம், இடையில காரைத் திருத்தவும் வேணும். 1979இல மட்டும் 60 றேஸ் ஓடி 37 வெண்டவர், 54இல முதல் அஞ்சுக்குள்ள. நாஸ்காரின்ர உச்சத் தொடரான கப் றேஸ் பக்கம் போகாம றோமில தன்ர கராஜில காரைச் செய்து ஓடித்தான் பிழைச்சவர்.

அண்டைக்கு முதலாளி எனக்கு ஒரு நுட்பம் காட்டினார். வலது பின் ரயரின்ர சுற்றளவு இடதைவிடக் கூட. ஏனெண்டு கேக்க, கடையில குடிச்ச கடுதாசிக் கப்பை மேசையில சரிச்சு உருட்டினார், ஒரு பக்கம் பெரிசு மற்றப் பக்கம் சிறுசு எண்டபடியால் கப் தானா வட்டமடிச்சுது. வட்டத்தில எப்பவும் இடப்பக்கமே திரும்புற கார் தானாத் திரும்பட்டும் எண்டுதான் அந்த ஏற்பாடு. அண்டிரவே மாஸ்டருக்கு ஏரோகிராமில படம் கீறி எழுதினன். ரெண்டு மாசம் கழிச்சுப் பதில், சுகம் விசாரிச்சது ஒரு வரி, மிச்சம் முழுக்கக் கேள்வி: எவ்வளவு வித்தியாசம் விடுகினம், பின் அச்சு ரெண்டு சில்லையும் சேத்துப் பூட்டினதோ, நேர்ப்பாதையில இழுக்காதோ. தேத்தண்ணித் தம்ளரை உருட்டிப் பாத்தவராம், பெடியளுக்கும் காட்டினவராம்.

85இல மொடிபைட் தொடரை மாத்தி அமைச்சினம், அதை நடத்த வந்தவர் பழைய போட்டியாளர் ஜெரி குக். எவன்ஸ் 12 றேஸ் வெண்டு, கடைசி றேஸுக்கு முன்னமே பட்டத்தை உறுதியாக்கிப்போட்டார். பிறகும் அந்தக் கடைசி றேஸுக்கு வேர்ஜீனியாவில மாட்டின்ஸ்வில்லுக்குப் போனார். ஒக்ரோபர் 24, வியாழன், பயிற்சி ஓட்டத்தில சுவரில மோதி அங்கயே முடிஞ்சுது. வயசு 44. அந்தக் காலத்து ஷாசி (காரின்ர இரும்புச் சட்டகம்) லேசில நெளியாது, அடி முழுக்க ஓட்டுறவனுக்குத்தான் வரும். அடுத்தநாள் கராஜில ஒருத்தரும் றேடியோ போடேல்லை. முதலாளி பின்பக்கம் போய் நிண்டு அழுதவர், அவ்வளவு பெரிய மனுசன் அழுததை நான் அண்டைக்குத்தான் கண்டனான்.

அதையும் மாஸ்டருக்கு எழுதினன். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரேல்லை, கிடைச்சுதோ தெரியாது, ஊர் நிலமை அப்பிடி. 61ஆம் நம்பரை மொடிபைட்டில வேற ஒருத்தருக்கும் குடுக்கிறதில்லை எண்டு நாஸ்கார் நிப்பாட்டி வைச்சிருக்கு. 2012இல அவரை நாஸ்கார் புகழ் மண்டபத்திலயும் சேத்தினம், கப் றேஸால பேர் எடுக்காத ஓட்டுநர் ஒருத்தர் அதுக்குள்ள போனது அதுதான் முதல்தரம். அண்டைக்கு ரொறன்ரோவில என்ர வீட்டில இருந்து அதைப் பாக்கேக்க மாஸ்டர் பக்கத்தில இருக்கவேணும் போல கிடந்தது. அவர் அதுக்கு முந்தியே போயிட்டார்.

அந்தக் கொட்டில் இப்ப இல்லையாம். என்னட்ட மாஸ்டரின்ர படம் ஒண்டும் இல்லை, 90இல எங்கட வீட்டோட எல்லாம் போச்சு. எங்கட பட்ஷ் ஆக்களிட்டயோ, பிறகு அவரிட்டப் படிச்ச தம்பிமாரிட்டயோ அந்த லேத்துக்குப் பக்கத்தில அவர் நிக்கிற படம் ஏதும் இருந்தால், மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, மலர்க்குழு மூலமா எனக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கோ. தம்ளர் உருட்டிக் காட்டின அந்த வகுப்பில இருந்த பெடியள் ஆரும் இதை வாசிச்சால் கட்டாயம் தொடர்பு கொள்ளுங்கோ.