அவர் கழுவினாள்

பதிப்பகத்தில் எனக்குப் பிழை திருத்துகிற வேலை. ஒற்று, சந்தி, ஒருமை பன்மை பார்ப்பதோடு சரி. கதைக்குள் கைவைப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த நாவல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் கதை. 1986இல் தொடங்கி, எல்லா இனத்தவரும் முதன்முதலாகச் சேர்ந்து ஓட்டுப் போட்ட 1994 தேர்தலைத் தாண்டிப் போகிறது. முப்பது வருடமாக அந்த வீட்டில் சமைத்துத் துடைக்கும் கறுப்பினப் பெண்ணை மொழிபெயர்ப்பில் 'அவள்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் மட்டும் 'அவர்'. எனக்குப் பொறுக்கவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தானே! கணினியில் எல்லா 'அவள்'களையும் ஒரே தட்டில் 'அவர்' ஆக்கினேன். வினைமுற்று கூடவே மாறாது என்பது தோன்றவே இல்லை. 'அவர் தட்டைக் கழுவினாள்', 'அவர் கதவை மூடினாள்' என்று புத்தகம் முழுக்க ஒரே கூத்து.

மொழிபெயர்த்தவர் அறுபதைத் தாண்டிய அம்மா. போனில் திட்டவில்லை. "தம்பி, அது அந்த வீட்டுக்காரங்க கண்ணு. அவளுக்குத் தகரத் தட்டு தனி, குவளை தனி. அவங்க வாயில 'அவர்' எப்படி வரும்?"

ஒவ்வொன்றாகத் திரும்ப மாற்றினேன். மூன்று நாள் பிடித்தது. அப்போதுதான் நாவலை ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். கறுப்பர்கள் எங்கே போனாலும் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகம் 1986இல் ஒழிந்துவிடுகிறது. அவளோ அதை ஏப்ரன் பையிலிருந்து எடுப்பதே இல்லை. எல்லோரையும் இனம் பிரித்து எழுதிவைத்த 1950ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் 1991இல் போகிறது. வீட்டில் 'நீ' அப்படியே இருக்கிறது. பதின்மூன்று வயது இளைய மகள்கூட அவளை 'நீ' என்கிறாள்.

1994 ஏப்ரல் 27. ஓட்டுப் போட வீட்டுக்கார அம்மாளும் அவளும் ஒரே வரிசையில், வெயிலில். "உனக்குக் கால் வலிக்கிறதா?" என்று அம்மாள் கேட்கிறார். ஓரத்தில் 'உங்களுக்கு?' என்று குறித்து அனுப்பினேன். "இன்னும் வராது தம்பி" என்று பதில் வந்தது.

கடைசி அத்தியாயத்தில் இளைய மகள், இப்போது வளர்ந்தவள், சமையலறையில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறாள். மூன்றாம் புரூஃபிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. "ரெண்டையும் வைக்கலாமா?" என்றார் மொழிபெயர்த்த அம்மா. வைத்தோம்.

"நீ... நீங்கள் உட்காருங்கள்."