பீட்டர் போத் உச்சியில் யார் நிற்கிறார்கள்?

மொரீஷியஸ் தீவின் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து மோக்கா பக்கம் காரில் போகும்போது பீட்டர் போத் மலை தெரியும். உயரம் 820 மீட்டர்தான். ஆனால் கூரான உச்சியின் மேல் பெரிய உருண்டைப் பாறை ஒன்று உட்கார்ந்திருப்பதால் யாரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிடும். எங்களை அழைத்துப் போனவர் அங்கே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. "அது பால்காரர்" என்றார். தேவதைகளைப் பார்த்துவிட்டு, அந்த ரகசியத்தை வெளியே சொன்னதால் கல்லாகிப்போன பால்காரர் என்று அந்தத் தீவில் ஒரு கதை உண்டு. கூட வந்த என் தோழி, "எனக்கு லிங்கம் மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள். என் கண்ணுக்குத் தலையில் குடம் சுமந்த பெண்.

அதற்கப்புறம் போன இடமெல்லாம் இதே நினைப்புதான். கண்ணுக்குள் விழுவது வெறும் வெளிச்சம். அதை இன்னது என்று முடிவு செய்வது மூளை. அதுவும் தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை வைத்து. நாம் அறியாமலேயே நடக்கும் ஊகம்தான் பார்வை என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். தீவின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் கடலை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால், தண்ணீருக்கு அடியில் பெரிய அருவி கொட்டுவதுபோல் இருக்கும். சரிவில் கிடக்கும் மணலும் வண்டலும்தான் அப்படிக் காட்டுகின்றன. விஷயம் தெரிந்த பிறகும் படத்தில் அருவிதான் தெரிகிறது, மாறவே மாட்டேன் என்கிறது.

கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலில் ஆசிரியை எங்களைப் படம் எடுத்தார். என் முகம் எனக்குக் கோணலாகப் பட்டது. தோழியோ, "இதுதான்டி நீ" என்கிறாள். இதற்குக் காரணம் உண்டு. நமக்குப் பழகிய நம் முகம் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிவது; மற்றவர்களுக்குப் பழகியது நேர் முகம். 1977இல் அமெரிக்காவில் மூன்று உளவியலாளர்கள் சில பெண்களின் படத்தை இரண்டு விதமாகவும் அச்சிட்டுக் காட்டினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கண்ணாடியில் தெரிவது போன்ற படத்தையும், அவர்களுடைய நெருங்கியவர்களில் பெரும்பாலோர் நேர்ப் படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே முகம்தான்!

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கோயிலில் பார்த்த ஒரு நோட்டுப் புத்தகம். மண்டபத்தில் வயதான அம்மா ஒருவர் திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தார். மடியில் நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. எட்டிப் பார்த்தால் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் எழுத்தில் தமிழ்ப் பாட்டு! மூச்சு விடவேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையில் ஒரு கோடு. தாளம் பிசகவே இல்லை. தோழி என் காதருகே, "பாவம், தமிழ் எழுத்து போயிடுச்சு" என்றாள். ஆசிரியை பெருமையோடு சொன்னார்: "அவர்கள் அம்மாவும் இப்படித்தான் பாடுவார்கள்."

இருவரும் பார்த்தது ஒரே நோட்டுதான். சென்னையிலிருந்து போகிற நமக்குத் தமிழர் என்றால் பேச்சும் எழுத்தும். மொரீஷியஸ் தமிழர்களுக்குக் காவடியும் விரதமும் வாழையிலையில் ஏழு கறியும். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற இடத்தில் தமிழ் என்று பதிகிறவர்கள் அவர்கள். 1998இல் அந்த நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்தபோது எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மறு வருடம் வந்த நோட்டில் தமிழ் பழைய இடத்துக்கே வந்தது. அந்த வரியை வாசிக்கத் தெரியாத பலருக்கும் அது தங்கள் முகமாகத் தெரிந்திருக்கிறது. தமிழ் போயிற்று என்று நாம் உச்சுக்கொட்டுவது அவர்கள் காதில் எப்படி விழும் என்று யோசித்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அது இரக்கமாகவே இருந்தாலும்.

கீழே இறங்கும்போது ஆசிரியை கேட்டார்: "உங்கள் ஊரில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டா?"

"2021லிருந்து உண்டு டீச்சர்."

"அதற்கு முன்னால் இல்லையா?" என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு. அங்கே எப்போதோ வந்துவிட்டதாம்.