பிளேம்ப்ரூஃப் ஜங்ஷன் பாக்ஸுக்கு பெசோ ஒப்புதல் பெற்ற அனுபவம்

கோயம்புத்தூரில் உள்ள எங்கள் சிறிய பட்டறையில், பெட்ரோல் சேமிப்புக் கிடங்குகளுக்கான அலுமினிய வார்ப்பு ஜங்ஷன் பாக்ஸ் (மின்கம்பிகளை இணைக்கும் பெட்டி) தயாரிக்க முடிவு செய்தோம். எரியக்கூடிய ஆவி சூழும் இடத்தில் பொருத்தும் மின்கருவிக்கு, 2002-ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி வெடிபொருள் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அவருடைய பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது.

பெட்டிக்குள் வாயு புகாமல் அடைப்பதே இந்த விதிகளின் நோக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். பிளேம்ப்ரூஃப் பெட்டிகளுக்கான ஐஎஸ்/ஐஈசி 60079-1 தரநிலையோ, வாயு உள்ளே புகும், வெடிக்கவும் செய்யும் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. அந்த வெடிப்பைப் பெட்டி தாங்க வேண்டும், தீ வெளியே தாவக் கூடாது. மூடியும் பெட்டியும் சந்திக்கும் ஃபிளாஞ்சின் நுண்ணிய இடைவெளி வழியே வெளியேறும் சூடான வாயு, வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காத அளவுக்குக் குளிர்ந்துவிட வேண்டும். எனவே எங்கள் உழைப்பில் பெரும்பகுதி வரைபடத்துக்கே சென்றது: ஃபிளாஞ்சின் அகலம், அதிகபட்ச இடைவெளி, போல்ட்டின் தரம், 6.3 மைக்ரானைத் தாண்டாத மேற்பரப்புச் சொரசொரப்பு என எல்லாவற்றையும் அதில் குறித்தோம். ஃபிளாஞ்சின் மேல் பெயின்ட் படக் கூடாது என்பதையும் எழுதிவைத்தோம்.

ஆய்வகத்தில், எத்திலீன் போன்ற வாயுக்கள் அடங்கிய ஐஐபி வாயுப்பிரிவுக்கான முறைப்படி, 8 சதவீத எத்திலீன் கலந்த காற்றைப் பெட்டிக்குள் வெடிக்கச் செய்து உச்ச அழுத்தத்தை அளந்தார்கள். அதன் 1.5 மடங்கைத் தாங்கினாலே தேர்ச்சிதான். ஆனால் பிறகு தயாராகும் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். 4 மடங்கைத் தாங்கும் வார்ப்புப் பெட்டிக்கு அந்தத் தேவை இல்லை என்பதால், சுவரைத் தடிமனாக்கி 4 மடங்கையே கேட்டோம். கூடுதல் அலுமினியத்துக்கான செலவு, சிறு தொழிற்கூடத்துக்கு முற்றிலும் தகுந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வறிக்கையையும் வரைபடங்களையும் இணைத்து இணையவழியில் விண்ணப்பித்தோம். ஒப்புதல் அந்த வரைபடத்துக்கே உரியது. ஒரு துளையை இடம் மாற்றுவதானாலும் மீண்டும் அனுமதி பெற வேண்டும். பெட்டி வாங்குவோர், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்டுகளும் பயன்படாத துளைகளை மூடும் பிளக்குகளும் தனியே சான்று பெற்றவைதாமா என்று கேட்டே வாங்க வேண்டும். சான்றில்லாத ஒரு கிளாண்ட் போதும், பெட்டியின் பாதுகாப்பு முழுவதும் வீணாகிவிடும்.

அடுத்து ஹைட்ரஜன் புழங்கும் இடங்களுக்கான பெட்டியை வடிவமைக்கிறோம். தரப்படுத்தப்பட்ட சோதனையில் புரொப்பேன் தீ தாவாத பெரும இடைவெளி 0.92 மில்லிமீட்டர் என்றால், ஹைட்ரஜனுக்கு 0.29 மட்டுமே, எனவே பழைய வரைபடத்தைத் திருத்தாமல், ஃபிளாஞ்சுக்குப் பதில் திருகு மூடி வைத்துப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறோம்.