29-லிருந்து 58: என் ஜேன் ஆஸ்டின் அரியர் கதை

நேற்று முன்தினம் ரிசல்ட் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல் தாளில் 75-க்கு 58. போன முறை இதே தாளில் 29. மற்ற தாள்களையெல்லாம் முடித்துவிட்டு, இந்த ஒன்றால் எம்.ஏ. சான்றிதழ் கைக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவள் நான். அந்தக் கடுப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை, ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலை அதன் காலத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேள்வி. நான் மூன்றரைப் பக்கம் கதை எழுதினேன். ஃபேனி ஏழைப் பெண், பெரியம்மா வீட்டில் வளர்கிறாள், கடைசியில் அந்தப் பெரியம்மா மகன் எட்மண்டைக் கட்டிக்கொள்கிறாள். முடிவில், ‘நெப்போலியன் போரை ஆஸ்டின் கண்டுகொள்ளவே இல்லை’ என்று ஒரு வரி வேறு. அவருடைய அண்ணன் தம்பியில் இரண்டு பேர் கடற்படையில் இருந்தார்கள்! நாவலிலேயே ஃபேனியின் அண்ணன் வில்லியம் கடற்படைக்காரன். அவனுக்குப் பதவி உயர்வு கிடைப்பது ஓர் அட்மிரலின் சிபாரிசால். கைடை மட்டும் படித்ததால் இது எதுவும் எனக்குத் தெரியாது.

இரண்டாம் முறை செய்தது ஒன்றே ஒன்றுதான். ஜவுளிக்கடை மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் நாட்டு நடப்பு. பீரோ கதவில் ஒட்டினேன். அதில் இருந்தவை:

1807 – பிரிட்டனில் அடிமை வணிகத்துக்குத் தடை
1811 – ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. இளவரசர் ரீஜண்ட் (மன்னருக்குப் பதிலாக ஆள்பவர்) ஆகிறார்
1813 – ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (கதையில் வரும் மெரிட்டன் ஊரில் படை முகாம் ஏன் என்று யோசிக்கவும்)
1814 – ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’. நெப்போலியன் பதவி துறக்கிறார்
1815 – வாட்டர்லூ போர், நெப்போலியன் தோற்கிறார். டிசம்பரில் ‘எம்மா’, ரீஜண்டுக்கே சமர்ப்பணம்
1833 – அடிமைமுறை ஒழிப்புச் சட்டம்

பீரோவில் புடவை எடுக்க வந்த அம்மா இதைப் படித்துவிட்டு, “1807லயே தடை பண்ணிட்டாங்கன்னா, 1814ல இந்தக் கதையில அந்த ஆளு எதுக்குடி அங்க போறாரு?” என்றார். ஃபேனியின் பெரியப்பா சர் தாமஸ் பெர்ட்ராம் கரீபியன் தீவான ஆண்டிகுவாவில் இருக்கும் தன் தோட்டத்துக்குப் போவதை முந்தின நாள்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். என் 58 மார்க்கில் பாதி அந்தக் கேள்விக்குச் சொந்தம்.

தடையானது ஆட்களை வாங்கி விற்கும் வணிகம். தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள். 1807-க்கும் 1833-க்கும் நடுவில் நிற்கிறது நாவல். மேற்கிந்தியத் தோட்டத்தில் நஷ்டம், அதைச் சரிசெய்யத்தான் சர் தாமஸ் கப்பலேறுகிறார். அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் நாடக ஒத்திகை போடுகிறார்கள். திரும்பி வந்த பிறகு ஃபேனி அடிமை வணிகம் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அறையில் யாரும் வாய் திறப்பதில்லை. இருபத்தொன்றாம் அத்தியாயம். அந்த ஒரு பக்கத்தை மூலத்தில் படியுங்கள். கேள்வி கேட்ட காட்சி நேரடியாக வராது, மறுநாள் எட்மண்டிடம் அவள் சொல்லித்தான் நமக்கே தெரியும். நான் கட்டுரையை இந்த மௌனத்திலிருந்தே தொடங்கினேன்.

இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சைத் இந்த நாவலைப் பற்றி 1993-இல் எழுதியதைச் சேர்க்கலாம், ஆனால் அளவாக. வீட்டின் ஒழுங்கும் வசதியும் அந்தத் தோட்டத்தை நம்பி நிற்கின்றன என்கிறார். அதற்காக நாவலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இதைத் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆண்டிகுவா என்ற பெயரே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறது. முழு நாவலும் அதைப் பற்றியதுதான் என்று அடித்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கு மனப்பாடம் வராது, அதனால் மேற்கோள் ஒன்றுகூட எழுதவில்லை. உங்களுக்கு வருமென்றால் எழுதுங்கள். மற்றபடி:

கதைச் சுருக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.
‘எம்மா’ வந்தால் திருமதி எல்டனின் ஊர் பிரிஸ்டல் என்பதை விடாதீர்கள், அடிமை வணிகத்தில் கொழித்த துறைமுகம் அது.
கைடை விற்றுவிடுங்கள். நான் பாதி விலைக்கு விற்றேன்.

அப்புறம், ‘பெர்சுவேஷன்’ வெளிவந்தது 1817 டிசம்பரில், ஆஸ்டின் இறந்து ஐந்து மாதம் கழித்து. ஆனால் தலைப்புப் பக்கத்தில் 1818 என்றிருக்கும். எதை எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் இரண்டையும் எழுதிவிட்டு வந்தேன்.