பெரட்டில் குறையாத ஆள் கணக்கு

வாசகர் வட்டத்துக்குப் பேய்க்கதையைத் தேர்ந்தெடுத்தால் கூட்டம் வரும், பேச்சு வராது என்று என்னோடு பணிபுரிபவர்கள் சொல்வதுண்டு. சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் தமிழ் நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல திகில் கதை, குடும்பத்தில் யாரும் வாய் திறக்காமல் வைத்திருந்த விஷயத்தையும் பேச வைத்துவிடும். அண்மையில் நாங்கள் எடுத்துக்கொண்ட கதை அப்படிப்பட்டது.

அது இன்னும் அச்சேறாத கதை. வட்டத்துக்கு வருபவர் ஒருவர் எழுதியது. தன் பெயர் தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே படியெடுத்துக் கொடுத்தோம். காலம் 1943, மழைக்காலம். களம் சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், மேற்கெல்லையில் இருக்கும் காஞ்சனபுரி. இரண்டு ஆறுகள் கூடுகிற ஊர் அது. பர்மியப் படைகள் மூன்று பகோடா கணவாயைத் தாண்டி அயுத்தியாவை நோக்கி இறங்கிய பழைய வழியில் இருக்கிறது. ஜப்பானியர் தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது, அந்த எல்லை ஊர் கூலி முகாம்களுக்குத் தலைவாசலாகிவிட்டது.

கதையில், மலாயாத் தோட்டம் ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்கள் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் இருக்கிறார்கள். விடியற்காலையில் கங்காணி அவர்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுக்கிறார், அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிறார். வாந்திபேதி பரவுகிறது. இரவெல்லாம் ஆட்கள் சாகிறார்கள். ஆனால் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு குறைவதே இல்லை. கூப்பிட்ட பெயருக்கெல்லாம் "வந்தேன் ஐயா" என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் வருகிறது. கங்காணிக்கு விஷயம் புரிந்த பிறகும் அவர் பெயர்களை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். கணக்கு குறைந்தால் அடி விழுவது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

கூட்டத்தில் முதலில் பேசியது தேசிய சேவையை முடித்துவிட்டு வந்திருந்த இளைஞர். சிதையில் வைத்த உடல் எழுந்து உட்காரும் காட்சியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை என்றார். பக்கத்தில் இருந்த மூத்தவர், "தம்பி, அது பேயில்லை. நெருப்பில் தசை இழுத்துக்கொண்டால் உடல் எழும்பும். சுடுகாட்டில் நின்றவனுக்குத் தெரியும், கழியால் தட்டிப் படுக்க வைப்பார்கள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனால் ஒரு ராத்திரியில் இத்தனை பேருக்குக் கட்டை அடுக்க அங்கே யார் இருந்தார்கள்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஆசிரியர் கட்டி எழுப்பிய பேயைவிட இந்தக் கேள்விதான் அன்று அறையில் இருந்தவர்களை உலுக்கியது.

வரலாற்றுத் திகில் கதைக்கு எப்போதும் வருகிற கேள்வி அடுத்து வந்தது: "இதெல்லாம் நடந்ததா?" இந்த இடத்தில் நூலகர் நழுவக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கதைதானே என்று சொல்லி ஒதுங்கினால் செத்தவர்களுக்குத் துரோகம். எல்லாமே உண்மை என்று தலையாட்டினால் வாசகருக்குத் துரோகம். எடுத்து வைத்திருந்த தகவல்களைச் சொன்னேன். ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல், அவர்களில் மாண்டவர்கள் 12,000க்கு மேல். இங்கே சாங்கி கைதி முகாமிலிருந்து 1943 ஏப்ரலில் கிளம்பிய ஏறத்தாழ 7,000 கைதிகள் தாய்லாந்தின் பான்போங்கில் ரயிலிலிருந்து இறங்கி, முகாம்களுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்தே போனார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 200,000 பேர் என்பது மதிப்பீடு. மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பதும் மதிப்பீடுதான். கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைக்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து, சிலர் மனைவி மக்களோடு, போன தமிழருக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. வாந்திபேதி அவர்களை வாரிக்கொண்டு போனதற்கு இது பெரிய காரணம்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடியேறிவிட்ட பொறியாளர் ஒருவர் கடுமையாக மறுத்துப் பேசினார். "நடந்ததே இவ்வளவு கொடூரம். அதன் மேல் பேயை ஏற்றுவது செத்தவர்களை வேடிக்கைப் பொருளாக்குவது ஆகாதா?" நியாயமான கேள்வி. பல பேய்க்கதைகள் செய்வது அதைத்தான். துயரம் நடந்த இடத்தைப் பயமுறுத்தும் மேடையாக்கிவிட்டு அங்கே இருந்த மனிதர்களை மறந்துவிடுகின்றன.

இந்தக் கதை அப்படிச் செய்யவில்லை என்பதை அன்று எடுத்துக்காட்டியது நான் இல்லை, ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த மூதாட்டி ஒருவர். அதுவரை பேசாமல் இருந்தார். கையில் இருந்த படியில் பெரட்டு வருகிற பக்கங்களின் ஓரத்தை மடித்து வைத்திருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் தன் பெரியப்பா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை என்றார். "எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. என்றைக்குச் செத்தார் என்று தெரிந்தால்தானே திதி? அமாவாசையில் சேர்த்துக் கும்பிடுவோம். இந்தக் கதையில்தான் அவர்களை ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்." பொறியாளர், "மன்னியுங்கள் அம்மா, நான் அப்படி யோசிக்கவில்லை" என்றார்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கமாகியிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. கைதிகளின் அதிகாரிகள் ரகசியமாகப் பதிவேடு வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம். தோட்டத் தமிழருக்கு அப்படிப் பதிவேடு வைத்தவர் இல்லை. 1990இல் அதே ஊரில் ஒரு பெருங்குழியைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. யாருடையவை என்று பெயர் சொல்ல முடியவில்லை. ஆவணம் வெறுமையாக இருக்கிற அந்த இடத்தில்தான் ஆசிரியர் தன் பேயை நிறுத்தியிருக்கிறார். இதைக் கற்பனைத் துணிச்சல் என்பதைவிடப் பொறுப்பு என்றே சொல்வேன்.

முடிவு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. செத்தவர்கள் கூடி ஜப்பானிய அதிகாரியை ஆற்றுக்குள் இழுத்துப் போகிறார்கள். இளையவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. எனக்கோ, அதுவரை சேர்த்து வந்த பாரத்தை ஆசிரியர் ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டதாகத் தோன்றியது. போர் முடிந்த பின் இந்த ரயில்பாதைக் கொடுமைகளுக்காகச் சிங்கப்பூரிலேயே விசாரணைகள் நடந்தன, தண்டனைகளும் உண்டு. ஆனால் அந்த மூதாட்டியின் வீட்டுக்கு எந்தக் கணக்கும் வந்து சேரவில்லை. அப்படி இருக்கும்போது கதையில் மட்டும் கணக்கைத் தீர்ப்பது சரியாகப் படவில்லை. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். யோசிப்பதாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மூதாட்டி என்னிடம் வந்தார். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இயங்கிவருகிறது, ஜப்பானியர் கால நேர்காணல்கள் அங்கே இருக்கின்றன என்று சொல்லி, எப்படிக் கேட்கலாம் என்பதை எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கி மடித்துக்கொண்டே, "இதைப் பேரனிடம் கொடுக்கிறேன். நீங்கள் அந்த எழுத்தாளரிடம் சொல்லுங்கள், பெரட்டு எடுக்கும்போது எங்கள் பெரியப்பா பேரையும் கூப்பிட வேண்டும்" என்றார்.

ஆசிரியர் உடனே ஒப்புக்கொண்டார். செய்தி எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் பரவியதும் வேறு குடும்பங்களிலிருந்தும் பெயர்கள் வரத் தொடங்கிவிட்டன. சிலருக்கு முழுப் பெயர் தெரியவில்லை, இன்ன தோட்டத்து இன்னார் என்று மட்டும் அனுப்பினார்கள். பட்டியல் இப்படியே நீண்டால் கதையின் வேகம் கெட்டுவிடும் என்று பொறியாளர் கவலைப்படுகிறார். கெடட்டும் என்பது என் கட்சி. திருத்திய படி கைக்கு வந்ததும் அடுத்த கூட்டத்தில் இதைத்தான் பேசப்போகிறோம்.